மாமன் மடியும் லேப்டாப் கார்டும்

“ஹலோ... ஆமாங்க, ராயபுரம் கம்ப்யூட்டர் கடைதானுங்க... ஆருங்க? ...அட, தங்கதுரை அண்ணனா!”

சித்ரகலா குரலில் தேனை ஊற்றிக்கொண்டாள். மகளுடைய காதுகுத்து முடிந்ததிலிருந்து பேச்சுவார்த்தை அற்றுப்போன கூடப்பிறந்தவன். இந்த போன் வரும், வராமல் எங்கே போகும் என்று காத்திருந்தவள்தான் அவள். நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க்ணா... ம்... ம்... மிஷின் நிக்குதுங்களா? அடக் கெரகமே! ...புது லேப்டாப்பு வாங்கியுமா? பெங்களூரு வரைக்கும் போயி வாங்கியாந்ததாச்சே... பின்னால அந்த ஒம்பது ஊசி சொருகற எடமே இல்லீங்களா? ...ஆமா, ஆமா. இப்ப வர்றதுல அதையெல்லாம் எடுத்துப்போட்டாங்க. ஏனுங்க்ணா, கடைக்காரன் சொல்லலீங்களா?”

நல்லூரில் தங்கதுரைக்கு எம்பிராய்டரி யூனிட். கம்ப்யூட்டரில் போட்ட டிசைன் வயர் வழியாக மிஷினுக்குப் போனால்தான் ஊசி ஓடும். பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டு, புதுசை மேசைமேல் வைத்துப் பூப்போட்டுக் கும்பிட்ட பிறகுதான் அண்ணன் பார்த்திருக்கிறான், அந்த வயரைச் சொருக இடமில்லை என்று.

“...யூஎஸ்பி வயரு வாங்கிப் பாத்தீங்களா? செரி... ஓடுச்சுங்களா? ...மயிலு டிசைனு கழுத்து வரைக்கும் வந்து நின்னுபோச்சா?”

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்துத் தீர்த்தாள்.

“இல்லீங்க்ணா, சிரிக்கலீங்க. இருமலு... உங்க பழைய சாஃப்ட்வேருக்கு அந்த வயரு ஒத்துவராதுங்க. கார்டுதான் போடோணும். லேப்டாப்புக்குப் பக்கவாட்டுல ஒரு சந்து இருக்குதல்லங்க, அதுல சொருகுனா அந்த ஊசி எடம் வெளிய வர்ற சீரியல் கார்டு... அதையும் வாங்கீட்டீங்களா? கோயமுத்தூர்லயா? ...உள்ளயே போகலியா! எப்புடிங்க்ணா போகும்? அது அகலக் கார்டு, பழைய லேப்டாப்புக்கு. உங்குளுது ஒடுக்கமான சந்து. அதுக்கு எக்ஸ்பிரஸ் கார்டுன்னு தனியா வருது. அளவு பாக்காம வாங்கினா இப்புடித்தானுங்க... ஐயோ, தட்டி உள்ள தள்ளிப்போடாதீங்க! போர்டே போயிரும்.”

கொங்குக்காரர்களுக்குக் கோபம் ஏற ஏற ‘ங்க’ கூடும். தங்கதுரைக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனால் அவசரத்தில் இருப்பவன் காதில் அதெல்லாம் எங்கே விழப்போகிறது!

“...ஆமா... ஆமா... கம்பெனிக்காரங்க இன்னொரு யூனிட்டுக்கும் இதே மயிலு டிசைனைக் குடுத்திருக்காங்களா? சேம்பிள் ஆரு மொதல்ல காட்டறாங்களோ அவங்களுக்குத்தான் ஆர்டரா? ...போட்டிக்கு ஆருங்க? ...ஓ. அர்த்தநாரியா.”

அந்தப் பெயரைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

“கார்டா? வந்துச்சுங்க்ணா. ஒண்ணே ஒண்ணு. சென்னையில சொல்லி வெச்சு வரவழைச்சேன். திருப்பூர்ல வேற ஆருகிட்டயும் இல்லீங்க... இருங்க, இருங்க, அவசரப்படாதீங்க. எதுக்கு வரவழைச்சேன்னு கேளுங்க. வாங்கப்போற மாடல் பேரை அன்னிக்கு எங்கிட்டச் சொன்னீங்கல்ல? நான் பாத்தேன், அதுல ஊசி எடமே இல்லை. செரி, அண்ணனுக்கு ஆகும், காதுகுத்துக்கு வர்றப்ப வேட்டி சட்டையோட தட்டத்துல வெச்சுக் குடுத்துப்போடலாம்னு...”

அதற்குமேல் தேன் இல்லை.

“...என்னத்தை மறந்துட்டீங்க? தேதியவா? தேதி குறிச்சதே நீங்கதானுங்களே! அன்னிக்குப் பாத்து பெங்களூர்ல தள்ளுபடின்னு உங்க சம்சாரம், எங்க நங்கையா சொன்னாங்களாக்கும், புருசனும் பொண்டாட்டியுமா ரயிலேறிட்டீங்க... பேசாதீங்க்ணா! நான் பேசறேன். சிவன்மலையில ஆசாரி ஊசியக் கையில வெச்சுட்டு, ‘மாமன் எங்க, மாமன் மடி எங்க’ங்கறாரு. எம் மாமியா என்ன சொன்னாங்க தெரியுங்களா? பொறந்த ஊட்டுல நாதியத்தவளாம் நானு. அத்தனை சனத்துக்கு முன்னால! ...சீரா? ஆமா, ஆமா, அனுப்பினீங்க. கூரியர்ல! நல்லூர்ல இருந்து ராயபுரத்துக்கு! டவுன் பஸ் ஏறினா கா மணி நேரம். தோட்டையும் பட்டுப் பாவாடையையும் அட்டைப்பெட்டில போட்டு... மாமன் சீருக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கினவ இந்த ஊர்ல நானாத்தான் இருப்பேன்.”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகை அவனுக்குக் கேட்டிருக்குமோ என்று இன்னும் ஆத்திரம் வந்தது.

“...மன்னிப்பு அக்கட்டால கெடக்கட்டும்... இப்பவே கெளம்பி வர்றீங்களா? பெட்ரோலு வீணுங்க. கார்டு இங்க இல்லை... குடுத்துட்டனுங்க, காத்தாலதான்... ஆருக்கா? அன்னிக்கு எம் பொண்ணு கிருத்திகா ஆரு மடியில உக்காந்தா? ஒரு நாளாச்சும் கேட்டீங்களா? ...கேக்கலை. நல்ல நேரம் போகுதுன்னு ஆசாரி கத்தறாரு, கொழந்தை கத்துது. சாமி கும்புட வந்த மனுசன் ஒருத்தரு, துண்டை இடுப்புல கட்டீட்டு மணையில உக்காந்தாரு. ‘எந் தங்கச்சி பொண்ணுன்னு நெனச்சுக்கறேன், கொழந்தையக் குடு கண்ணு’ன்னாரு... அர்த்தநாரிங்க... ஆமாங்க. உங்க அர்த்தநாரியேதானுங்க.”

சித்ரகலா ரிசீவரை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள். அவள் அவசரப்படவில்லை.

“அவரும் உங்குளுது மாதிரியே லேப்டாப்பு வாங்கீட்டு முழிச்சுட்டு இருந்தாரு. மடி குடுத்தவருக்குக் கார்டு குடுத்தேன். காசு வாங்கலீங்க. மயிலுக்கு வாலே வந்துருச்சு, சேம்பிள் கொண்டுபோறேன்னு இப்பத்தான் போன் பண்ணுனாரு... என்னங்க? வயித்துல அடிச்சுட்டனா? நீங்க மானத்துல அடிச்சீங்களே, அதுக்கு என்னங்க பேரு? ...செரி, செரி. கூடப்பொறந்தவரை வெறுங்கையா உடுவனா? கார்டு வந்த அட்டைப்பெட்டி இருந்துச்சு. அதை உங்களுக்கு அனுப்பிப்போட்டேன்... கூரியர்லதானுங்க்ணா. நாளைக்கு வந்துரும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க... ஹலோ? ...ஹலோ?”

அண்ணன் போனை அறைந்து வைத்துவிட்டான். சித்ரகலா ரிசீவரைப் பதமாக இறக்கி வைத்தாள். காதுகுத்து முடிந்த நாளிலிருந்து சோறு இறங்காமல் கிடந்தவளுக்கு இன்றைக்குத்தான் நல்ல பசி எடுத்தது. டிபன் கேரியரைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தாள்.