சம்மதப் பத்திரம்

— மறுபடியும் அதையே கேக்கறியே அம்மிணி. அந்தக் காயிதத்தை வெளியாளுக்குக் காட்டக் கூடாது. சட்டம் அப்படி.

— நான் வெளியாளுங்களா சாமி? எங்க கரடிப்பாறைக் காட்டைப் பத்தின காயிதந்தானுங்க அது. அதுல யாரு கைநாட்டு இருக்குதுன்னு பார்த்துச் சொன்னாப் போதும். நான் தொடக்கூட மாட்டேன்.

— காப்பி வேணும்னா மனுப் போடு. ஸ்டாம்பு ஒட்டி, ஃபைல் நம்பர் குறிச்சு.

— அந்த நம்பரு எங்கீங்க இருக்கும்?

— ஃபைல் மேல.

— அது?

— உள்ளே, பீரோவுல.

— அப்பப் பார்த்துச் சொல்லுங்க சாமி.

— நம்பரையும் சொல்லக் கூடாதுங்கறேன். மூணு நாளா தினமும் வந்து இந்த ஃபாரஸ்ட் ஆபீஸ் வாசல்ல கிடக்கறே. ரேஞ்சர் கேம்ப்பு போயிருக்கறதால உன்கிட்ட இவ்வளவு பேசறேன். அவர் இருந்தா இந்தக் குப்புசாமி வாயைத் திறக்க மாட்டான். நான் சாதாரணக் குமாஸ்தா. எனக்கும் வீட்டுல நாலு வயிறு இருக்கு.

— நாளைக்கு நாட்டுக் கூட்டமுங்க, மலையூரெல்லாம் கூடி நாயம் பேசுமுங்க. எங்க ஊட்டுக்காரரை மலையை விட்டே முடுக்கிடுவாங்க.

— ஏன், என்ன பண்ணினாரு?

— ஒண்ணும் பண்ணலீங்க. புரட்டாசியில உங்காளுங்க வந்து எங்க சாமைக் காட்டுக்குள்ள கல்லு நட்டாங்க. இனி இது சர்க்கார் காடு, ஆடுகூட நுழையக் கூடாதுன்னாங்க. ஏனுங்க இப்படின்னு ஊரே போய்க் கேட்டுது. உங்க ஊர்லயே சம்மதம்னு கைநாட்டு வெச்சுக் குடுத்தாச்சு, ஆபீசுல இருக்குதுன்னு ஃபாரஸ்ட் கார்டு சொன்னாரு. யாருன்னு கேட்டா, அது ரகசியம்னுட்டாரு.

— அதுக்கும் உன் புருஷனுக்கும் என்ன?

— அவரு முந்தி சர்வேக்காரங்க காடு அளக்கறப்போ சங்கிலி புடிக்கப் போனவருங்க. அப்ப இவனாத்தான் இருக்கும்னு ஊரு முடிவு பண்ணிருச்சு. நெருப்பில்லை, தண்ணியில்லைன்னு தள்ளி வெச்சு நாலு மாசமாச்சு.

— பேரென்ன உன் புருஷனுக்கு?

— பேரை எப்படீங்க சொல்றது? பெருமாள் பேருங்க. மலைப் பெருமாள்.

— சென்றாயனா?

— ஆமாங்க.

— பாரம்மிணி, நானா மாட்டேங்கறேன்? அந்த ஃபைல் மேலயே ரகசியம்னு எழுதியிருக்கு.

— போன வெள்ளிக்கிழமை எங்க கண்ணாயி செத்துப் போச்சுங்க. ஆறு வயசுங்க. காய்ச்சலு. தூக்கறதுக்கு ஒருத்தரும் வரலை. எங்க அண்ணன் ஊடு எதுத்தாப்புல. கதவைச் சாத்திக்கிட்டாரு. நாங்க ரெண்டு பேருமே குழி வெட்டினோம். அதுலிருந்து அவரு பேசறதில்லீங்க. ரெண்டு தரம் கயித்தை எடுத்துக்கிட்டுப் போனாரு. ரெண்டு தரமும் கால்ல விழுந்து இழுத்துக்கிட்டு வந்தேன். மூணாந்தரம் நான் ஊட்டுல இருக்கோணுமே.

— இப்ப யாரு கூட இருக்கா?

— யாருமில்லீங்க. அதனாலதான் கேக்கறேன்.

— ...உள்ளே வா. கதவை ஒருக்களிச்சுச் சாத்திட்டு வா. யாராச்சும் கேட்டா, தண்ணி குடிக்க வந்தேன்னு சொல்லு.

— சரிங்க சாமி.

— இரு. கரடிப்பாறை, கரடிப்பாறை... இதுதான்.

— அவரு பேரு இருக்குதுங்களா?

— இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. முழுக்கப் பார்க்கறேன். கரடிப்பாறைக் குடிகள் பதினோரு வீட்டாருக்கும் இந்தக் காட்டைச் சர்க்கார் எடுத்துக்கறதுல ஆட்சேபணை இல்லை. படிச்சுக் காட்டி, புரிஞ்சுக்கிட்டு, மனசாரச் சம்மதிச்சு வெச்ச கைரேகை. ஒரே ஒரு ரேகைதான். சென்றாயன் பேரு இதுல இல்லை அம்மிணி.

— இல்லீங்களா? நல்லாப் பாருங்க சாமி.

— இல்லை. சத்தியமா இல்லை. இது ஒரு பொம்பளை ரேகை, பக்கத்துல பேரு எழுதியிருக்கு.

— பொம்பளையா? எங்கூர்லயா? யாருங்க அவ?

— உன் பேரென்ன?

— அத்தாயிங்க.

— உங்கூர்ல வேற அத்தாயி இருக்காளா?

— இல்லீங்க. நான் ஒருத்திதான். ஏனுங்க?

— போன மாசி பன்னெண்டாந் தேதி நீ எங்க இருந்தே?

— மாசியிலீங்களா? ஊரே காய்ச்சல்ல படுத்துக் கிடந்துது. எந்திரிச்சு நடக்க நான் ஒருத்திதான் இருந்தேன். வெள்ளைக்காரத் துரை முகாம் போட்டு மாத்திரை குடுக்கறாருன்னாங்க. ஓடிப்போய்ப் பதினோரு ஊட்டுக்கும் நான்தான் வாங்கியாந்தேன். வாங்கினதுக்கு அடையாளம்னு ஒரு காயிதத்துல... சாமி.

— உக்காரு. இப்படி உக்காரு.

— மாத்திரைக்குன்னு சொன்னாங்க சாமி. அந்த மாத்திரையிலதான் எங்கூரே பொழைச்சுது.

— தெரியுது.

— நானா? நாலு மாசமா அவரு பட்டதெல்லாம் என்னாலயா?

— அழாதே. வெளியில கேக்கும்.

— இதை அழிச்சுப் போட முடியாதுங்களா?

— சர்க்கார் கெஜட்டுல அச்சாகி வந்தாச்சு. இனி கலெக்டரே நினைச்சாலும் ஆகாது. நான் ஒண்ணு பண்றேன். சென்றாயன் பேரு இதுல இல்லைன்னு மட்டும் ஒரு துண்டுக் காயிதம் எழுதித் தர்றேன். வேலை போனாப் போகட்டும். மலையில யாரு படிப்பாங்க?

— நாளைக்கு மிளகு வாங்க ஒரு செட்டியார் வருவாருங்க. அவரு படிச்சுச் சொல்லுவாரு.

— போதும். உன் பேரு வேண்டாம். நான் இதைப் பார்க்கவே இல்லை, நீயும் கேக்கவே இல்லை.

— அப்ப வேற யாருன்னு கேப்பாங்கல்லீங்க?

— தெரியாதுன்னு சொல்லிடு.

— அதைத்தானுங்க நாலு மாசமா நாங்களும் சொன்னோம். அடுத்தாப்புலே பொன்னன் ஊட்டுக்குப் போவாங்க. அவரும் சங்கிலி புடிச்சவரு. அவரு பொண்டாட்டி மாசமா இருக்கறா.

— மாத்திரைன்னு நினைச்சு வெச்சேன்னு நீ சொன்னா நம்புவாங்களா?

— நம்ப மாட்டாங்க. வேற ஒருத்தி சொல்லியிருந்தா நானே நம்பியிருக்க மாட்டேன்.

— பின்னே? உன்னை உசிரோட விடுவாங்களா? யோசிச்சுச் சொல்லு அம்மிணி.

— எம்பேரை எழுதுங்க சாமி. அத்தாயின்னு எழுதுங்க. எழுதினதை ஒரு தரம் எனக்குப் படிச்சுக் காட்டுங்க, அப்புறம் கைநாட்டு வெக்கறேன்.