பக்கத்துல நிக்கறாப்பல

பரசுராமன்: …அதெல்லாம் இருக்கட்டும். மொதல்ல இந்த போட்டோ நீ எடுத்ததா இல்லியா, அத்த சொல்லு மோகன்.

சந்திரமோகன்: போன குடுங்க, பாக்கறேன். …நான் எடுத்தது தான். ஆனா இது பாதி. யாரோ ரெண்டு பக்கமும் வெட்டிக்கீறான்.

பரசுராமன்: ஸ்டூடியோவுக்கு ஒரு மனுசன் வந்தா, வாண்ணேன்னு ஒரு வார்த்த இல்ல. நேரா போட்டோவுக்குப் போயிட்ட.

சந்திரமோகன்: வாங்க, வாங்க. அந்த சேருல ஒக்காருங்க, இது காலு ஆடும். டீ சொல்றேன்.

பரசுராமன்: டீ கெடக்குது. கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குப் போக என் பொண்ணு ஆரம்பாக்கம் ஸ்டேஷன்ல நிக்கறா. அவ தோள ஒரசிக்கினு எளாவூர் அன்புசெல்வன் நிக்கறான். இது சோழவரம் வரைக்கும் பூட்ச்சி. அங்கேந்து மாப்ள ஊட்டுக்காரங்க போன் பண்ணி, வெள்ளிக்கிழம தட்டு மாத்தறதா வேணாமான்னு கேக்கறாங்க. நான் இன்னா சொல்றது?

சந்திரமோகன்: ஒரசலன்னு சொல்லுங்க.

பரசுராமன்: எனக்குக் கண்ணு நல்லாதான் தெரியுது.

சந்திரமோகன்: உங்க கண்ணு சரிதான். லென்ஸு வேல காட்டிக்கீது. அந்தப் பையன் அவங்களுக்கு ரொம்பப் பின்னால, தண்ணிக் கொழா கிட்ட நின்னுக்கினு இருந்தான்.

பரசுராமன்: அவங்களுக்கா? ஒண்ணா பள்ளிக்கூடம் போகச்சொல்ல வாடி போடின்னு தான கத்துவ. கல்பனா எப்பலேந்து அவங்க ஆனா?

சந்திரமோகன்: …டீ வந்துச்சு. குடிக்காதீங்க.

பரசுராமன்: வாங்கியும் குடுத்துட்டு குடிக்காதேன்ற. பேஜாருப்பா உன்னோட.

சந்திரமோகன்: ஒரு நிமிஷம். இந்த கிளாஸு கல்பனா. மேஜ முன் ஓரத்துல வெக்கறேன். இது அன்புசெல்வன். அதோ, பின் செவுத்தாண்ட அந்த பெட்டி மேல வெக்கறேன். நடுவுல எத்தினி தூரம் கீது?

பரசுராமன்: ஒரு ஆளு கால நீட்டிப் படுக்கலாம்.

சந்திரமோகன்: இப்ப சின்ன லென்ஸு. கிட்டக்க வந்து எடுக்கறேன். பாருங்க.

பரசுராமன்: முன்ன கீறது சொம்பு மாதிரி கீது. பின்னது எங்கியோ பூட்ச்சி, குங்குமச் சிமிழு கணக்கா.

சந்திரமோகன்: இந்த ரூமே மண்டபம் ஆயிடுச்சுல்ல? உங்க பெரிய பொண்ணு அருணா கல்யாணத்துல உங்க ஊட்டுக் கூடத்த அவ்ளோ பெருசா காட்னது இதுல தான்.

பரசுராமன்: அது உன் வேலதானா? ஆல்பத்த பாத்துட்டு சம்பந்தியம்மா நான் அரமணை கட்டிக்கினு கீறேன்னு நெனச்சிட்டாங்க. நேர்ல வந்து மூஞ்சி சுண்டிப் போச்சு.

சந்திரமோகன்: இப்ப நீட்டு லென்ஸு. நான் ரோட்டுக்கு அந்தாண்ட போய் அங்கேந்து எடுக்கறேன். நீங்க கிளாஸத் தொடக்கூடாது.

பரசுராமன்: லாரி வருது, பாத்துப் போ.

சந்திரமோகன்: …எடுத்தாச்சு. இந்தாங்க.

பரசுராமன்: அட… ரெண்டு கிளாஸும் இட்ச்சிக்கினு கீது. சைஸும் ஒண்ணாதான் கீது. யாரும் நவுத்தலியே… நான் இங்கியே தான கீறேன்.

சந்திரமோகன்: எட்டப் போய் நின்னா முன்னதும் பின்னதும் நமக்குக் கிட்டத்தட்ட ஒரே தூரம் தான். லென்ஸு அத்த அப்டியே பெருசு பண்ணிக் குடுத்துடும். நடுவுல கீற எடம் நசுங்கிப் பூடும். எளாவூர் செக்போஸ்ட்ல லாரி வரிசைய தூரத்துலேந்து பாத்திருக்கீங்கல்ல? ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கினாப்பல தெரியும். கிட்டக்க போனா நடுவுல ஷேர் ஆட்டோ பூந்து வரும்.

பரசுராமன்: கரெக்டு தான். ஆனா சோழவரத்துக்காரங்க இத்த கிளாஸு கதன்னு சொல்லி சிரிப்பாங்க.

சந்திரமோகன்: சிரிக்க மாட்டாங்க. முழு போட்டோவ கம்ப்யூட்டர்ல பெருசு பண்றேன், பாருங்க. போன்ல பாத்தா எல்லாம் தெளிவா கீறாப்பல தான் இருக்கும். இது கல்பனா கம்மல்.

பரசுராமன்: கல்லக் கூட எண்ணலாம் போல.

சந்திரமோகன்: இப்ப அன்புசெல்வன் சட்டப் பட்டன்.

பரசுராமன்: பட்டனா? சட்டையே கரஞ்சி போயிருக்குது. கோலத்து மேல தண்ணி ஊத்தனாப்பல.

சந்திரமோகன்: அதான் சாட்சி. இந்த லென்ஸ எந்த தூரத்துக்கு செட் பண்றமோ, அங்க கீறது தான் கூரா வரும். அதுக்கு முன்ன பின்ன கீறதெல்லாம் கலங்கிப் பூடும். தோளோட தோளா நின்னிருந்தா ரெண்டு பேரும் தெளிவா உழுந்திருக்கணும். பின்னால வர ரயிலு அவனவிட கலங்கிக்கீது பாருங்க. அது இன்னும் தூரம்.

பரசுராமன்: சரிதாண்ணேன்னு நானே உன்ன கூப்டணும் போல கீது. நீ என்ன கூப்டற வழியக் காணோம்.

சந்திரமோகன்: கிண்டல் பண்ணாதீங்க.

பரசுராமன்: இத்த அப்டியே சோழவரத்துல வந்து சொல்லுவியா?

சந்திரமோகன்: …சொல்றேன். கேமராவையே எட்த்துக்கினு வரேன்.

பரசுராமன்: நீ யாருன்னு கேப்பாங்களே. என் தம்பி மாதிரின்னு சொல்லட்டா?

சந்திரமோகன்: போட்டோக்காரன்னு சொல்லுங்க. போதும்.

பரசுராமன்: நீ சொன்னா நம்பிடுவாங்க. நம்பிட்டா வெள்ளிக்கிழம தட்டு மாத்திடுவாங்க.

சந்திரமோகன்: …மாத்தட்டும். செய்யாத ஒண்ணுக்கு கல்பனா பேரு கெடக்கூடாது. எனக்கு அதான் வேணும்.

பரசுராமன்: இன்னா, அந்தாண்ட திரும்பிக்கினு சொல்ற?

சந்திரமோகன்: லென்ஸு தொடைக்கறேன்.

பரசுராமன்: லென்ஸு மூடியே தெறக்கலியே நீ. சரி, எனக்கு ஒரு சந்தேகம். இந்த போட்டோவ இன்னாத்துக்கு எடுத்த?

சந்திரமோகன்: ரயிலுக்கு. காலை வெயில்ல வண்டி வரது அழகா இருக்கும். ஸ்டூடியோ ஸ்டேட்டஸ்ல போட்டேன். எவனோ வெட்டி அனுப்பிட்டான்.

பரசுராமன்: ரயிலுக்கு எடுத்த.

சந்திரமோகன்: ஆமா.

பரசுராமன்: எந்த தூரத்துக்கு செட் பண்றமோ அது தான் கூரா வரும்னு சொன்ன.

சந்திரமோகன்: …ஆமா.

பரசுராமன்: ரயிலு கலங்கிக்கீது. பையன் கலங்கிக்கீறான். முன்னால கீற பெஞ்சியும் கலங்கிக்கீது. என் பொண்ணு கம்மல்ல கல்லு மட்டும் எண்ணலாம்.

சந்திரமோகன்: அது… கை தவறி…

பரசுராமன்: உனக்கா? அருணா கல்யாணத்துல வீசன அட்சதையையே அந்தரத்துல நிக்க வச்சி எடுத்தவன் நீ. சரி, எங்க நின்னு எடுத்த?

சந்திரமோகன்: பிளாட்பாரம் கடசில. ஊர் பேரு போர்டு கிட்ட.

பரசுராமன்: அவ்ளோ தூரத்துல, அத்தினி ஜனத்துக்கு நடுவுல, நீ நிக்கறது அவளுக்கு எப்டித் தெரியும்? நேரா உன் லென்ஸுக்குள்ள பாத்து சிரிக்கறா. இந்த சிரிப்ப எங்க ஊட்ல கூட நான் பாத்ததில்ல மோகன்.

சந்திரமோகன்: இருங்க, போட்டோவ மூடிடறேன்.

பரசுராமன்: அந்த டீய எடு. ஆறிப்போச்சு, பரவால்ல. உனக்கு வேர்க்குது, நீயே குடி.

சந்திரமோகன்: நானா சொல்லணும்னு தான்… நாளு தள்ளிக்கினே பூட்ச்சி.

பரசுராமன்: போன பொங்கல் வரைக்கும் தெருவுல என்னப் பாத்தா, தெருவே கூப்டற மாதிரி நீயும் இன்னாண்ணே, சாப்ட்டியாண்ணேன்னு உயிர வாங்குவ. அப்பால ஒரு தபா கூட கூப்டல. வாங்க, போங்க, பாருங்க, அவ்ளோ தான். இன்னிக்கும் அதே பாட்டு தான். ஏன்?

சந்திரமோகன்: அண்ணேன்னு கூப்ட்டா… கல்பனா எனக்கு மக முறை ஆயிடுதே. அது ஒறைச்ச அப்பால நாக்கு எழல.

பரசுராமன்: அதனால ஒண்ணுமே கூப்டாம உட்டுட்ட.

சந்திரமோகன்: வேற எப்டி கூப்டறதுன்னு தெரியும். கூப்ட்டு நீங்க மூஞ்சத் திருப்பிக்கினா, அப்பால நம்ம தெருவுல நான் எப்டி நடக்கறது?

பரசுராமன்: இந்தாண்ட தான பாத்துக்கினு கீறேன். கூப்டு.

சந்திரமோகன்: …மாமா.

பரசுராமன்: ம். சோழவரத்துக்கு நான் பேசிக்கறேன். கெளம்பச்சொல்ல கல்பனா இன்னா சொல்லி அனுப்ச்சா தெரியுமா? "நைனா, அவன் கடையில போய் ஒக்காந்து பேசு. வாய் தவறி ஒரே ஒரு தபா உன்ன அண்ணேன்னு கூப்ட்டுட்டான்னா, சோழவரத்துக்கே சரின்னு சொல்லிடு. நான் மறுபேச்சு பேச மாட்டேன்"ன்னா. வந்ததுலேந்து நானும் வாயக் கிளறிக்கினே தான் கீறேன், உன் வாயிலேந்து அது வரவே இல்லியே மாப்ள.