மாரிகுப்பம் முனையில் அசோகன்

பனிக்காலத்தில் எங்கள் ஊர் மண் அடங்கிக் கிடக்கும். மாதிரி ரயில் ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் நல்ல காலம். மற்ற மாதங்களில், தங்கச் சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து மாவுபோலத் தூசி பறந்து வந்து தண்டவாளத்தில் படியும். சக்கரத்துக்கு மின்சாரம் சரியாக ஏறாமல் வண்டி விக்கி விக்கிப் போகும். மார்கழியில் பனி இறங்கத் தொடங்கியதும் தூசி மேட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். துணியில் ஸ்பிரிட் தொட்டு ஒருமுறை துடைத்தால் வாரம் முழுக்க ஓட்டலாம்.

உங்கள் பெங்களூர் மாதிரி ரயில் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அசோகனைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி பரத் கேட்டிருந்தார். கூடவே இருந்து பிழைத்தவர் நீங்கள், நீங்கள் எழுதினால்தான் பொருத்தம் என்றார். ஒரு பக்கத்தில் முடியவில்லை. எங்கே குறைக்கலாம் என்று பார்த்தேன். குறைத்தால் பொய்யாகிவிடுகிறது.

என் வீடு சாம்பியன் ரீப்ஸில் பழைய கம்பெனி லைன் வீடு. தகரக் கூரை, முன்னறை, பின்னறை, சமையலுக்கு ஒரு மூலை. சுரங்கம் மூடும்வரை நான் காற்றோட்டப் பிரிவில் இருந்தேன். பூமிக்கடியில் ஒவ்வொரு லெவலிலும் நல்ல காற்று போகிறதா, கெட்ட காற்று தேங்குகிறதா என்று பார்க்கிற வேலை. என் மனைவி பார்வதம்மா இறந்த பிறகு பின்னறை சும்மா கிடந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அசோகனை ஆண்டர்சன்பேட்டையில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் பார்த்தேன். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு ரயில் இன்ஜினைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரோடு வாதாடிக்கொண்டிருந்தான். எங்கள் ஊர்க் கோரமண்டல் பகுதியில் வீடு, பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலை ரயிலில் போய் இரவு ரயிலில் திரும்பியே ஓய்வு பெற்றவன். அவன் மனைவி சாரதாவும் போய்ச் சேர்ந்திருந்தார். மகள் நிலா பெங்களூரில் இருந்தாள். இன்ஜின் இருக்கிறது, ஓட்ட இடமில்லை என்றான். என்னிடம் இடம் இருந்தது.

அப்படித்தான் எங்கள் ஊர் ரயில் ஓடும் பங்காருப்பேட்டை – மாரிகுப்பம் லைனை என் வீட்டில் போட ஆரம்பித்தோம். பங்காருப்பேட்டை முன்னறையில், மாரிகுப்பம் பின்னறையில். நடுச்சுவரில் ஓட்டை போட்டுத் தண்டவாளத்தை அந்தப் பக்கம் கொண்டுபோனோம். நம்ம லைன்ல ஏதுபா டன்னலு என்று அசோகன் ஒரு மாதம் புலம்பினான். கடைசியில் ஓட்டையை மறைத்து ஒரு சயனைடு மேடு செய்தான். மேட்டு மண்ணையே கொண்டுவந்து சலித்துப் பசையில் ஒட்டினான். அதற்கப்புறம்தான் அவன் மனம் ஆறியது.

மாரிகுப்பம் முனைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். இத்தனை வருஷம் விடிகாலையில் ஊரைவிட்டுப் போனவன், இனி வருகிற வண்டியை உட்கார்ந்து வாங்கிக்கொள்கிறேன் என்றான். ஓட்டம் நடக்கும்போது நடுக்கதவு மூடியிருக்க வேண்டும், எட்டிப் பார்க்கக் கூடாது என்பதும் அவன் சட்டம். இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள முடியுமா என்பான். அதனால் சுரங்க ஷாஃப்டில் ஆட்களை இறக்கும் கேஜுக்கு மணி அடிப்பதுபோல அறைக்கு ஒரு மணி வைத்தோம். இரண்டு அடித்தால் வண்டி புறப்பட்டது. ஒன்று அடித்தால் வந்து சேர்ந்தது. மூன்று அடித்தால் எழுந்து இங்கே வா. ஒன்று கேட்காமல் அடுத்த வண்டியை அனுப்பக் கூடாது. மூன்று பெரும்பாலும் டீக்காகத்தான் அடிப்பான்.

பக்கத்து வீட்டு ஜூடித், மணிச் சத்தம் கேட்டால் சன்னலில் தலையை நீட்டி, "இன்னா ஸ்டேஷன் மாஸ்டரு, பென்ஷன்காரங்களுக்கு டிக்கெட்ல பாதியா?" என்பாள். உனக்கு முழு டிக்கெட்டு, லக்கேஜுக்குத் தனி என்று அசோகன் உள்ளேயிருந்து கத்துவான். அவள் கொஞ்சம் பருமன்.

நீங்கள் எல்லோரும் ஒரு குளிர்காலத்தில் வந்து பார்த்தீர்கள். வளைத்து வட்டமாக்கிவிட்டால் வண்டி தானாகச் சுற்றிக்கொண்டிருக்குமே, ஒருவரே ஓட்டலாமே என்று உங்களில் ஒருவர் கேட்டார். அசோகன் சொன்ன பதில் உங்களுக்கு நினைவிருக்கும். "சுத்திச் சுத்தி வர்றதுக்கு இது இன்னா ராட்டினமா? அனுப்ப ஒருத்தன், வாங்க ஒருத்தன். அதான் ரயிலு." நீங்கள் சிரித்தீர்கள். நான் அன்றைக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

அசோகனுக்கு மூட்டு வலி. பனிக்காலத்தில் காலடியில் கும்மட்டி அடுப்பு வைத்துக்கொள்வான், கரி கனன்றுகொண்டிருக்கும். பின்னறைக்கு ஒரு சன்னல், மேலே ஒரு வென்டிலேட்டர், அவ்வளவுதான். காற்றடி காலத்தில் தூசிக்காக இரண்டையும் டேப் போட்டு ஒட்டிவிடுவோம். எங்கள் லைனில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஐப்பசியில் பிரிப்போம். டேப் வெளியே போன பிறகுதான் கும்மட்டி உள்ளே வரலாம் என்று நான் சொல்லியிருந்தேன். மூடிய அறையில் கரி என்ன செய்யும் என்று எனக்குச் சம்பளம் கொடுத்துக் கற்றுத்தந்திருக்கிறார்கள். அதிலிருந்து வரும் கெட்ட காற்றுக்கு வாசனை கிடையாது. முதலில் அசதி வரும், பிறகு தூக்கம். காத்து மேஸ்திரி சொல்லிட்டாருபா என்று அசோகன் கேலி செய்வான். ஆனால் ஒரு நாளும் சன்னல் திறந்திருக்கிறதா என்று அவனாகப் பார்த்ததில்லை. காற்று என் பொறுப்பு என்று விட்டுவிட்டான்.

போன மார்கழியில் ஒரு பார்சலோடு வந்தான். நிலா பெங்களூருக்கே வந்துவிடச் சொல்கிறாள், தையில் கார் எடுத்துக்கொண்டு வருவாள் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தான். நான் சரி என்று சொல்லியிருந்தேன். பார்சலைப் பிரித்தான். உள்ளே வளைந்த தண்டவாளத் துண்டுகள்.

"இன்னாபா இது?" என்றேன்.

"வளைவு. பரத்கிட்ட சொல்லி வரவழைச்சேன். செவுத்துல இன்னொரு ஓட்டை போட்டா வண்டி அந்தாண்ட போய்த் தானா இந்தாண்ட வந்துடும். நீ ஒருத்தனே குந்திகினு ஓட்டலாம்."

"ராட்டினம்னு சொன்னது யாரு?"

"நான்தான். அப்ப ரெண்டு பேரு இருந்தோம்."

அவன் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். டீ டம்ளர் கையில் இருந்தது. என் முழங்காலைத் தட்டி, "பழகிடும்பா. எனக்கு சாரதா போனப்ப பழகல?" என்றான்.

அன்பாகத்தான் சொன்னான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கடுத்த வாரங்களில் மூட்டு வலியோடு தரையில் உட்கார்ந்து சுவரைக் குடைந்தான். நான் டார்ச் பிடித்தேன். மண் கொட்டக்கூடாது என்று புதிய ஓட்டையில் துணி அடைத்து வைத்தேன். ஒவ்வொரு வளைவாகப் பொருத்திவிட்டு, நான் இல்லாதபோது இப்படிச் செய், தடம் புரண்டால் இங்கே பார் என்று சொல்லிக்கொடுத்தான். ஒருவன் தன் இடத்தில் தானே ஓர் ஓட்டையைப் போட்டு, அதில் தண்டவாளத்தை விட்டு, தான் இல்லாமல் எல்லாம் நடக்கிறதா என்று சரிபார்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் சாயங்காலம் இரண்டு அடித்துவிட்டு ஒன்று கேட்பதற்காகத்தான் நான் காலையில் எழுந்துகொண்டிருந்தேன். தனியாக இருக்க என்னால் முடியாது. அதனால்தான் செய்தேன்.

போகிக்கு முன்தினம் அவன் வரவில்லை. பின்னறை சன்னலையும் வென்டிலேட்டரையும் மறுபடி டேப் போட்டு ஒட்டினேன். சன்னல் திரையை இழுத்துவிட்டதும் டேப் வெளியே தெரியவில்லை.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. வளைவில் கடைசித் துண்டு மட்டும் பாக்கி. அதை நாளைக்குப் போடலாம், இன்றைக்குப் பழையபடி ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து ஓட்டுவோம் என்று அசோகனே சொன்னான். அதைக் கேட்டபோது ஒரு கணம் டேப்பைப் பிரித்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் நாளைக்கு என்றும் சொல்லியிருந்தான்.

கும்மட்டியை நான்தான் மூட்டினேன். வழக்கத்தைவிடக் கரி அதிகமாகப் போட்டேன். "போதும்பா, கோழியா சுடப்போற?" என்றான். பனி ஜாஸ்தி என்றேன். காலில் துப்பட்டியைப் போர்த்திவிட்டேன். கதவை மூடி, குளிர் வராமல் இருக்கக் கீழ்ச்சந்தில் கோணி வைத்தேன். முன்னறையில் என் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் வண்டிக்கு இரண்டு அடித்தேன். சிறிது நேரத்தில் ஒன்று வந்தது. அவன் வண்டியைத் திருப்பி அனுப்பினான், நான் வாங்கிக்கொண்டேன். இரண்டாவது வண்டிக்குப் பதில் தாமதமாக வந்தது. சுவர் ஓட்டை வழியாக, உரிகம் ஸ்டேஷன்ல கூட்டம்பா, அதான் லேட்டு என்றான். குரலில் சிரிப்பு இருந்தது, கொஞ்சம் கனமாகவும் இருந்தது. அடுத்ததற்கு ஒன்று அடித்தான். பிறகு இன்னொரு ஒன்று அடித்தான். எங்கள் கணக்கில் அதற்கு அர்த்தமில்லை. நான் மறுபடியும் ஒரு வண்டியை அனுப்பினேன். அது கடைசி முட்டில் மோதி, சக்கரம் வீணாகச் சுற்றும் சத்தம் கேட்டது.

பிறகு மூன்று அடித்தான். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறைய இடைவெளி விட்டு அடித்தான். டீக்கு அடிப்பதுபோல இல்லை. உள்ளே ஸ்டூல் சாயும் சத்தம் கேட்டது.

மோட்டார் கருகிவிடும் என்று மின்சாரத்தை நிறுத்தினேன். ஒன்று வரவில்லை, அதனால் அடுத்த வண்டியை நான் அனுப்பவில்லை. வெளியே நிஜமான ரயில் சாம்பியன் ஸ்டேஷனில் நின்று, ஹாரன் அடித்து, மாரிகுப்பம் பக்கம் போயிற்று. ஜூடித் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் நான் கதவைத் திறந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். காற்று விஷயத்தில் இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

வெகுநேரம் கழித்துக் கோணியை எடுத்து அதன் இடத்தில் போட்டேன். கதவைத் திறந்து உள்ளே போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். முகம் நன்றாகச் சிவந்து, ஆரோக்கியமாகத் தெரிந்தது. எனக்கும் தலை கனக்க ஆரம்பித்ததும் வெளியே வந்து ஜூடித்தைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் எனக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் கன்னடத்தில் ஒன்றைத்தான் அழுத்திக் கேட்டார், சன்னலை ஏன் ஒட்டியிருந்தீர்கள் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் ஜூடித் பதில் சொன்னாள். "சார், எங்க லைன்ல வந்து பாருங்க. சைனைடு தூசிக்கு ஒட்டாத ஊடு ஏது?" அவர் எழுதிக்கொண்டார். இரண்டு வயசானவர்கள், குளிர், கரி அடுப்பு. இதில் யாருக்கும் புரியாதது ஒன்றுமில்லை.

அசோகனுடைய ஆட்கள் பௌத்தர்கள். புத்த விகாரையில் எல்லோரும் உட்கார்ந்து பஞ்சசீலம் சொன்னார்கள். முதல் சீலம் உயிர்க்கொலை தவிர்ப்பது. எல்லோருடனும் சேர்ந்து நானும் சொன்னேன். நிலா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா உங்க கூட இருந்தாரே அங்கிள், அது போதும்" என்றாள். அவருக்கென்று வைத்திருந்த அறை சும்மாதான் இருக்கிறது, நீங்கள் வந்து இருங்கள் என்றாள். இந்த வீட்டை விட்டு வர மனமில்லை என்று சொன்னேன். என் தலையெழுத்தை நினைத்து அவள் அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை.

பத்து நாள்போல அந்த அறைக்குள் போகவில்லை. பிறகு ஒரு மத்தியானம் டேப்பைப் பிரித்து, சன்னலைத் திறந்து, கூட்டிப் பெருக்கினேன். வளைவின் கடைசித் துண்டு ஸ்டூலுக்கடியில் கிடந்தது. எடுத்துப் போட்டேன், சரியாக உட்கார்ந்தது. புதிய ஓட்டையில் அடைத்திருந்த துணியை உருவினேன். முன்னறைக்கு வந்து வண்டியை விட்டேன். சுவருக்குள் போயிற்று. பழக்கத்தில் இரண்டு அடித்தேன். ஒன்று வருவதற்கு முன்பே வண்டி இன்னொரு ஓட்டை வழியாக என் கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அசோகன் வேலையில் பிசிறு இருக்காது.

மணியை இப்போது கழற்றி வைத்துவிட்டேன். சாயங்காலம் வண்டியை விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்கிறேன். சில நாள் அது சுற்றும்போதே தூங்கிவிடுகிறேன். ஜூடித் குழம்பு கொடுத்தனுப்புகிறாள். சுடவைத்துச் சாப்பிடுகிறேன். பனி விட்டுவிட்டது, இனி தூசி கிளம்பும்.

எழுதியதை முழுக்க ஒருமுறை படித்துப் பார்த்தேன். இதை மலரில் போடுவதா, போலீசில் கொடுப்பதா என்பதைப் பரத்தும் நீங்களும் முடிவு செய்துகொள்ளுங்கள். நான் எங்கும் போகப் போவதில்லை. தனியாக இருக்க முடியாது, அதனால்தான் செய்தேன் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறேன். எழுதும்போது அதுதான் காரணம் என்று நம்பினேன், அதனால் அந்த வரியை அடித்துவிடாமல் விட்டிருக்கிறேன். அசோகன் செத்த நாளிலிருந்து இன்றுவரை, தனியாக இருக்கிறோமே என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.