அபூ நாசருக்கு ஒரு லேசான துப்பாக்கி

இல்லண்ணே, அதுல தோட்டா ஒண்ணும் இல்ல, பயப்படாம சாஞ்சு உக்காருங்க. அது பாட்டுக்கு உறையோட பின் சீட்டுல கெடக்கட்டும். மம்பட்டி காலை இடிக்குதா? கதவு ஓரமாத் தள்ளிக்கங்க. அல் கூஸைத் தாண்டிட்டோம்னா ரோடு நமக்குத்தான். வெள்ளிக்கிழமை பாருங்க, ஜும்மா முடிஞ்சு ஊரே பிரியாணியில விழுந்து கெடக்கும்.

ஆமா, குழி வெட்டுற வேலைதான். கேம்ப்ல சொன்னதுல மாத்தமில்ல. மணல்தான், பாறை கெடையாது. ஆனா குழி எதுக்குன்னு ஒங்களுக்குப் புரியணும்னா மொதல்ல அந்தத் துப்பாக்கியைப் பத்தித் தெரியணும். தூங்குறீங்களா? தூங்காதீங்க சோலையப்பண்ணே, நான் பேசுனாத்தான் எனக்கு வண்டி நேரா ஓடும்.

எனக்குக் கீழக்கரை. நீங்க பரமக்குடிப் பக்கம்ல? அப்ப ஒரே மாவட்டத்து ஆளுங்கதான். பேரு லுக்மான். துபாய் தேராவுல கடை. கூடாரம், பைனாகுலர், ராஜாளிக்கு மாட்டுற குல்லா, அப்பறம் லைசென்ஸ் உள்ள அரபிகளோட துப்பாக்கிக்குப் பார்ட்ஸ். எங்க வீட்டுல உம்மு ஹானி இருக்காளே, அவகிட்ட யாராச்சும் மாப்பிள்ளை என்ன தொழில்னு கேட்டா பாத்திரக் கடைன்னுதான் சொல்வா. துப்பாக்கின்னா நாளைக்கு நம்ம புள்ளைகளை எவன் கட்டுவான்னு கேக்குறா. துப்பாக்கிங்கிறதே தமிழ் வார்த்தை இல்லடி, துருக்கிக்காரன் வார்த்தைன்னு போன்ல சொன்னேன். இதைச் சொல்லத்தான் போன் கார்டைத் தேய்க்கிறீகளான்னு போனை வெச்சுட்டா.

கடை என் கஃபீல், அதான் எனக்கு ஸ்பான்சர் நிக்கிற அரபி, அவரு பேருல இருக்கு. ஒங்களுக்குக் கம்பெனி விசா, எனக்கு அந்தப் பெரியவரு விசா. அபூ நாசர். அப்படின்னா நாசரோட வாப்பான்னு அர்த்தம். நல்ல மனுசன். ஒரு காலத்துல பறக்குற எதையும் விடமாட்டாரு. இப்ப தோள்பட்டையில ஆபரேசன் ஆயிருக்கு. கண்ணும் சரியில்ல. எந்தளவுக்கா? மணல்மேடு தெரியும், மேட்டுல நிக்கிற ஒட்டகம் தெரியாது. அந்தளவுக்கு.

வருசா வருசம் குளிருக்குப் பாலைவனத்துல கூடாரம் போட்டுத் தங்குவாரு. அவருக்கு அதுதான் உசுரு. மகன் நாசரு அமெரிக்காவுல படிச்சவன். வாப்பா, போதும், இனிமே வில்லாவுல ஏசி போட்டு உக்காருங்க, விழுந்து கிழுந்து வெச்சா யாரு பாக்குறதுங்கிறான். பெரியவரு விடல. பெரிய சண்டை. கடைசியில நாசரு ஒரு வார்த்தை விட்டான். லுக்மான் தகர டின் ஒண்ணை வைக்கட்டும், ஒங்க கையால சுட்டு வீழ்த்துங்க, ஆயுசு பூரா கூடாரத்துக்குப் போங்க, நான் வாயே தெறக்கல. விழலைன்னா கூடாரத்தைச் சுருட்டிருவோம். அவன் தம்பிமாரு எல்லாம் சாட்சி.

இன்னைக்குத்தாண்ணே அது. சாயங்காலம் அஸர் தொழுதுட்டு எல்லாரும் வருவாங்க. அதுக்கு முன்னாடி குழி ரெடியா இருக்கணும்.

இருங்க, அவசரப்படாதீங்க. அவருகிட்ட இருந்த பழைய துப்பாக்கி ஒலக்கை கனம். ஆபரேசன் பண்ணுன தோளு அதைத் தூக்குமா? லுக்மான், எனக்கு லேசா ஒண்ணு வேணும், ரொட்டி மாதிரி இருக்கணும்னாரு. ரெடிமேடா வாங்கிரலாம்ல? அதுதான் இல்ல. இவரு பார்ட் பார்ட்டாப் பாத்துக் கட்டணும்ங்கிறாரு. லைசென்ஸு, பேப்பரு எல்லாம் பக்காவா இருக்கு, நீங்க கண்ணை உருட்டாதீங்க.

மொதல்ல தோள்ல சாத்துற பின்கட்டை. கார்பன்ல வரவழைச்சேன். காத்தடிச்சாப் பறந்துரும், அவ்வளவு லேசு. பெரியவரு விரலால தட்டிப் பாத்துட்டு, இது வாளியா துப்பாக்கியாங்கிறாரு. கன்னத்துல மரம் படணுமாம். சரின்னு அக்ரூட்டு மரத்துல ஒண்ணைப் பிடிச்சு, ஒங்க அல் கூஸ்ல ஒரு ஆசாரிகிட்டக் குடுத்து, உள்ளுக்குள்ள கொடைஞ்சு எடுக்கச் சொன்னேன். வெளியில மரம், உள்ள ஒண்ணுமில்ல. எங்க சங்கத்துத் தலைவரு மாதிரி.

குழலும் அதே மாதிரிதான். கனத்த குழல்னா குறி நல்லா நிக்கும், ஆனா தோளு நிக்காது. மெல்லிசா ஒண்ணு, கொஞ்சம் கட்டையா ஒண்ணு, ரெண்டையும் தூக்கிக்கிட்டுப் பக்கத்துப் பட்டான் கறிக்கடைத் தராசுல வெச்சேன். கறி வாங்க வந்த ஒரு மலையாளத்துச் சேச்சி பாத்துட்டு, அவ்வளவுதான், பையைப் போட்டுட்டு ஓடிட்டா. பட்டான் இன்னைக்கு வரைக்கும் என்கூடப் பேசல.

அப்பறம் மேகசின். தோட்டா அடுக்குற டப்பா. ஷார்ஜாவுல ஒரு ஏஜெண்டுக்கு ஃபேக்ஸ் அடிச்சேன், அர்ஜெண்டா லைட் மேகசின் வேணும்னு. கட்டு வந்துச்சு. பிரிச்சா எல்லாம் சினிமாப் பொஸ்தகம்! லைட்டாப் படிக்கிறதுக்குன்னு எவனோ பாத்துப் பாத்து அனுப்பியிருக்கான். ரெண்டு நாளு கடையில வியாபாரமே ஓடல, ஆளாளுக்கு ஒண்ணை எடுத்துட்டு மூலையில உக்காந்துட்டானுங்க. ஆனா ஒண்ணு தெரியுமாண்ணே? மேகசின்ங்கிறதே அரபு வார்த்தை. மக்ஸன். அதுக்குச் சாமான் போட்டு வைக்கிற எடம்னு அர்த்தம், நம்ம கிட்டங்கி மாதிரி. வெள்ளைக்காரன் இவங்ககிட்ட வாங்கி, இவங்களுக்கே திருப்பி விக்கிறான். சரி, சரி, விசயத்துக்கு வர்றேன்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. துப்பாக்கி லேசாக லேசாக ஒதை ஜாஸ்தி. கனமா இருந்தா அதோட கனமே ஒதையை வாங்கிக்கும். லேசுன்னா எல்லாம் நம்ம தோளுக்கு வந்துரும். பெரியவருக்கு அந்தத் தோளுதானே ஆகாது? அதனாலதான் செமி ஆட்டோமேட்டிக்னு முடிவு பண்ணுனேன். ஒருக்கா விசையை இழுத்தா ஒரு குண்டு. அடுத்த குண்டை அதுவே உள்ள ஏத்திக்கும். ஏத்துற வேலைக்கு அந்த ஒதையிலயே கொஞ்சத்தை எடுத்துக்கும், மிச்சம்தான் தோளுக்கு. பாதி அது, பாதி நாம. நாசரு இதைக் கேட்டுட்டு, லுக்மான், நீ எஞ்சினீயரா வந்திருக்கணும்னான். நான் சிரிச்சுக்கிட்டேன். எஞ்சினீயரை யாரு இந்த ஊருல பேச விடுறான்?

கண்ணாடி, அதாவது தூரத்துல இருக்கிறதைக் கிட்டக் காட்டுற குழாய், அதுவும் இருக்குறதுலயே லேசானதா வாங்கி மாட்டுனேன். பெரியவரு அதுல கண்ணை வெச்சாரு. கொஞ்ச நேரம் வெச்சுக்கிட்டே இருந்தாரு. அப்பறம், இதைக் கழட்டிரு லுக்மான், கனமா இருக்குன்னாரு. அது ஒரு கனமே இல்லண்ணே. நான் ஒண்ணும் பேசாம கழட்டிட்டேன். நான் பேசாம செஞ்ச வேலை அது ஒண்ணுதான்.

இப்பப் புரியுதா? துப்பாக்கி தயாரு. தூக்குறாரு, தோள்ல சாத்துறாரு, ராசா மாதிரி இருக்கு. டின்னு மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

அதுக்குத்தான் குழி. குழியில நீங்க.

அட, கதவுல இருந்து கையை எடுங்கண்ணே, வண்டி ஓடிக்கிட்டிருக்கு! முழுசாக் கேளுங்க. அவரு சுடுற திசையில இல்ல. தள்ளி, பக்கவாட்டுல, ஒரு மணல்மேட்டுக்குப் பின்னாடி. துப்பாக்கியை மணல் மூட்டை மேல வெச்சுப் பெரிய மேட்டைப் பாக்கத் திருப்பி வைக்கிறது நானு. அந்த மேட்டுல படாமச் சுட யாராலயும் முடியாது. டின்னுல ஒரு கயிறு கட்டி, மணலுக்குள்ள பொதைச்சு, ஒங்க குழி வரைக்கும் கொண்டாந்துருவோம். அவரு சுட்டதும் ஒரு இழு. டின்னு விழுந்துரும். அவ்வளவுதான் டூட்டி. முடிஞ்சதும் சாப்பாட்டுக்கு ஆடு இருக்கு.

விழுந்த டின்னுல ஓட்டை இருக்காதேன்னா? நல்லாக் கேட்டீங்க. ஓட்டை போட்ட டின்னுதான் வெச்சிருக்கேன். ஓட்டை அந்தப் பக்கம் இருக்கும், போயி எடுத்துட்டு வர்றது நானு. நீங்க நாசரை விட மோசமா இருக்கீங்களே.

ஏமாத்து வேலையா? நானும் ராத்திரியெல்லாம் அதைத்தாண்ணே யோசிச்சேன். பெரியவருக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாரு? அவருக்குத் தெரியாமத்தான் ஆரம்பிச்சேன். போன வெள்ளிக்கிழமை ஒத்திகை. அவருகிட்டச் சும்மா பழக்கத்துக்குச் சுட்டுப் பாக்கலாம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். குழியில எங்க கடை டிரைவரு விஜயபாஸ்கர். சத்தம் கேட்டதும் இழுடான்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி வெச்சிருந்தேன். பெரியவரு துப்பாக்கியைச் சாத்திட்டாரு. நான் சும்மா இருந்திருக்கணும். வாய் இருக்குதே. மேகசினைப் பாத்ததும் அந்த மக்ஸன் கதையை எடுத்துவிட்டேன். அரபிக்கே அரபு சொல்லிக் குடுக்குறேன். பொறுத்துப் பொறுத்துப் பாத்தாரு. ஒரு கட்டத்துல தாங்க முடியாம, கலாஸ், யா லுக்மான், கலாஸ்னு கத்திட்டாரு.

ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், சைட்டுல கலாஸ்னா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். அரபிக்கு அதே வார்த்தை போதும்னும் அர்த்தம், சரின்னும் அர்த்தம், வாயை மூடுன்னும் அர்த்தம். இது மூணாவது. விஜயபாஸ்கரு என்ன பண்ணுனான்? கலாஸ்னு கேட்டதும், ஆஹா, சுட்டு முடிச்சுட்டாரு போல, காத்துல சத்தம் கேக்கலைன்னு நெனச்சு, இழுத்தான் பாருங்க ஒரு இழு. டின்னு டமடமன்னு உருண்டு போயி விழுந்துச்சு.

பெரியவரு விசையைத் தொடவே இல்ல.

அவருக்குக் கண்ணுதானே மங்கலு, காது பாம்புக் காது. அப்படியே தலையைச் சாச்சுக் கேட்டாரு. டின்னு உருண்டு நிக்கிற வரைக்கும் கேட்டாரு. அப்பறம் துப்பாக்கியை மெதுவா மடியில வெச்சுட்டு, லுக்மான், நீ செமி ஆட்டோமேட்டிக்னுதானே சொன்னே, அப்பறம் ஏன் முழு ஆட்டோமேட்டிக்காவே பண்ணிட்டேன்னாரு.

சிரிக்காதீங்கண்ணே. நான் அழுகாத குறை. அவருதான் சிரிச்சாரு, தாடி நனையிற மாதிரி. விஜயபாஸ்கரு குழியை விட்டு வெளியவே வரல. இன்னைக்கும் வரமாட்டேன்னுட்டான், வயித்து வலியாம்.

அதனாலதான் ஒங்களை. கடைக்கு எதிர்த்தாப்புல டவர் கட்டும்போது பாத்திருக்கேன்ல. கிரேனுக்கு நீங்கதானே சிக்னல். ஃபோர்மேன் கீழ நின்னு யல்லா யல்லா, சீக்கிரம் சீக்கிரம்னு தொண்டை கிழியக் கத்துவான், கொக்கி சரியா மாட்டாத வரைக்கும் நீங்க கையைத் தூக்கவே மாட்டீங்க. அந்தக் கைதான் வேணும். சத்தம் கேட்டப்பறம் இழுங்க. கலாஸ்னாலும் இழுக்காதீங்க, யல்லான்னாலும் இழுக்காதீங்க. நான் பேசுனா கண்டுக்கவே கண்டுக்காதீங்க.

இந்தா, இங்க எறங்கிருவோம். மம்பட்டியை எடுத்துக்கங்க. கயிறா? இல்ல, கயிறு இல்ல, டேஷ்போர்டைத் தெறங்க, சுருளா நைலான் தூண்டில் நரம்பு இருக்கும் பாருங்க. பெரியவரு நேத்து வீட்டுக்கு வரச்சொல்லி, அவரு மீன் பிடிக்கிற பெட்டியில இருந்து தடவித் தடவி எடுத்துக் குடுத்தாரு. உன் கயிறு வெள்ளையா இருக்குமே லுக்மான், நாசருக்குக் கண்ணு நல்லாத் தெரியும்னாரு.