மூண்டு வெட்டுப் பிறேக்

இல்லைத் தங்கச்சி, முந்தி இருந்தமாதிரி அப்பிடியே பூட்டித் தா எண்டா நான் தரமாட்டன். கோவிக்காதேங்கோ. முதல் அந்த வாங்கில இருங்கோ. நீங்கள் தலைமாட்டில நிண்டா எனக்குக் கை ஓடாது. ஐயா எண்டும் சொல்லாதேங்கோ. தர்மபுரத்தில சைக்கிள் கடை வைச்சிருக்கிற யோகலிங்கத்தை ஆர் ஐயா எண்டு கூப்பிடுறது? அண்ணை எண்டு சொல்லுங்கோ, காணும்.

நீங்கள் வரேக்க சத்தம் போட்டுக்கொண்டு போனவரோ? வீரகத்தியர். வாய்க்கால் கமிட்டித் தலைவர். அவருக்குக் காலமையில இருந்து என்னோட கொதி. அதை விடுங்கோ, பிறகு சொல்லுறன்.

மூண்டு நாளைக்கு முன்னம் நீங்கள் இந்தச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரேக்க, எனக்குத் தூரத்திலயே விளங்கிப்போச்சு உங்கட மனுசன் மூக்கன்ர சைக்கிள் எண்டு. நான் பூட்டினதெல்லோ. எழுபத்தெட்டில, நீங்கள் மலைநாட்டில இருந்து வந்து அடுத்த வருசம், அவன் இதை வெறும் எலும்பாத்தான் கொண்டுவந்தவன். அவர். அவர் கொண்டுவந்தவர். எனக்கு அவன் எண்டுதான் வாயில வருது, குறை நினையாதேங்கோ. என்னைவிட ரெண்டு வயசு மூப்பு எண்டு செத்த வீட்டிலதான் கேள்விப்பட்டனான். எட்டு வருசம்... இல்லை, நாலு வருசம்தானே. நாலு வருசமும் வாடா போடா எண்டுதான் கதைச்சனான்.

சரி, இஞ்ச பாருங்கோ. முன் சில்லைப் பிடிக்கிற போர்க் கோணியிருந்தது, நிமித்திப்போட்டன். பின் சில்லுக்குத் தடிச்ச கம்பியாப் போட்டிருக்கிறன், முழுக்கப் புதுசு. கரியரை அச்சில இருந்து ரெண்டு பக்கமும் இரும்புக் காலால தாங்கியிருக்கு. ஆட்டிப் பாருங்கோ, ஆடாது. மேல முதிரைப் பலகை. ஆனா மூட்டையை மேல அடுக்காதேங்கோ. ரெண்டு பக்கமும் தொங்கவிடுங்கோ, எவ்வளவுக்குக் கீழ பணிவா விடுறியளோ அவ்வளவுக்குச் சைக்கிள் உங்கட சொல்லுக் கேக்கும். சீற்றுக்குப் பின்னால இந்தத் தடி என்னத்துக்கெண்டா, ஒரு கை ஹாண்டிலில, ஒரு கை தடியில. அப்பிடித்தான் தள்ளவேணும். நான் சேலையோட தள்ளிப் பாக்கேல்லத்தான், ஆனா தங்கம்மாக்கா விறகு கொண்டுபோறதைப் பாத்துத்தான் தடியின்ர உயரத்தை வைச்சனான். ரயருக்குக் காத்தைக் கொஞ்சம் குறைச்சு விட்டிருக்கு. மணலில புதையாது.

ஓம், ஓம். பிறேக். அதுக்குத்தானே சண்டை.

தள்ளிக்கொண்டு போற சைக்கிளுக்கு என்னத்துக்குப் பிறேக் எண்டு கேக்கிறியள். வீட்டுத் தோட்டத்தில இருந்து விசுவமடுச் சந்திக்கு லொறிக்குக் கத்தரிக்காய் கொண்டுபோறதுக்கு எந்தப் பாதையால போவியள்? குளக்கட்டால. ஏறேக்க நீங்கள் பாரத்தைத் தள்ளுவியள். இறங்கேக்க பாரம் உங்களைத் தள்ளும். ஒரு அந்தர், அம்பது கிலோப் பாரம் பின்னால வந்து இடிக்கேக்க உங்கட ரெண்டு காலும் என்ன செய்யும்? கீழ துருசு, தண்ணி திறந்துவிடுற மதகு. அங்கால வாய்க்கால்.

தெரியும். அவர் விழுந்து செத்த இடம் உங்களுக்குத் தெரியும், நான் சொல்லித்தானோ.

அவர் பிறேக் இல்லாமத்தானே ஓடினவர் எண்டு சொல்லுறியள். எல்லாரும் அதைத்தான் சொல்லுறாங்கள். ஆனா ஏன் இல்லாம ஓடினவர் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. மாரியில இஞ்ச ஒரு பாரச் சைக்கிளிலயும் பிறேக் இருக்காது. இந்தக் களிமண் இருக்கெல்லோ, அது மட்காட்டுக்கை அடையும், பிறேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில அடையும், பத்து யார் தூரம் போகச் சில்லு சுத்தாது. அதாலதான் ஐப்பசியில எல்லாரும் என்னட்டைக் கொண்டுவந்து கழட்டுவிக்கிறது. மட்காட்டும் பிறேக்கும் இந்தச் சுவரில தொங்கும். மாரிக்கு ஆரும் குளக்கட்டால போகாயினம், சேத்தில சைக்கிள் ஓடவும் மாட்டுது, காலை ஊண்டினா நிக்கும். தைப்பொங்கல் முடியத் திரும்பவும் பூட்டுறது. வருசா வருசம் இதுதான் நடைமுறை. உங்கட தேயிலைத் தோட்டப் பக்கம் இப்பிடியொரு வழக்கம் இருந்திராது. மூக்கனுக்கும் முதல் வருசம் சிரிப்பு, என்ன அண்ணை சைக்கிளுக்கும் மொட்டை அடிக்கிறியளோ எண்டு கேட்டவர்.

சிரிச்சிட்டியள். நல்லது.

சுவரில ஆணியைப் பாருங்கோ, எத்தினை ஆணி. முப்பது பேற்ற பிறேக்கு ஒரு சுவரில தொங்கினா எது ஆற்றை எண்டு எப்பிடித் தெரியும்? நான் கைபிடியின்ர அடியில அரத்தால வெட்டுப் போட்டுவிடுவன். நல்லதம்பியருக்கு ஒரு வெட்டு. தங்கம்மாக்காவுக்கு ரெண்டு. மூக்கனுக்கு மூண்டு. எழுத்தெண்டா துருவில அழிஞ்சுபோம், வெட்டு அழியாது. எல்லாரின்ரையும் அடுத்த தையில அவையவைக்குப் போகும். மாறினதே இல்லை. ஒருக்காவும் மாறினதில்லை எண்டு பெருமையாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்.

கருமாதிக்கு நான் வந்தனான். பின்னால வேப்ப மரத்தடியில நிண்டனான், நீங்கள் கண்டிருக்கமாட்டியள். நீங்கள் தலையில அடிச்சு அடிச்சு, குடிகாரப் பாவி, பிறேக்கும் பூட்டாமக் குடிச்சிட்டு ஓடி என்னை இப்பிடி விட்டிட்டியே எண்டு பேசினது எனக்குக் கேட்டது. ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளும் உங்கட வாயையே பாத்துக்கொண்டு இருந்ததுகள். சின்னது பேந்து என்னட்டை வந்து, மாமா எங்கட அப்பா குடிகாரனோ எண்டு கேட்டது. ஓ, உங்களுக்குத் தெரியாது. நான் தலையைத் தடவிப்போட்டு வந்திட்டன்.

அவர் சனிக்கிழமையில ஒரு போத்தல் கள்ளுக் குடிக்கிறவர், உண்மைதான். நான் குடிக்காததோ? செத்தண்டு ஊர் விதானையார் வந்து குளக்கட்டில நிண்டு விசாரிக்கேக்க ஆரோ சொன்னான், குடிச்சிருப்பான், அதுதான் பொங்கல் போயும் பிறேக்கைப் பூட்டாமத் திரிஞ்சவன் எண்டு. எல்லாரும் ஓம் எண்டினம். நானும் அதிலதான் நிண்டனான். எண்ணெய்க் கையோட நிண்டனான். அண்டு செவ்வாய்க்கிழமை. ஒருத்தருக்கும் கிழமை ஞாபகம் வரேல்ல.

தண்ணி வேணுமோ? குடத்தில இருக்கு, எடுத்துக் குடியுங்கோ. அந்தக் கப்பிலயே குடியுங்கோ, அது எல்லாருக்கும் பொதுதான். முந்தி இல்லை. இப்ப பொது.

எனக்கு இந்த அஞ்சு மாசமும் நித்திரை சரியில்லை. அவா கமலாசனி, என்ர மனுசி, கேக்கிறா என்னப்பா வருத்தம் எண்டு. சைக்கிள் மணிச் சத்தம் கேட்டா நான் குனிஞ்சுபோடுவன். முக்கியமா வீரகத்தியர் போகேக்க. அவர் ஒரு நாளைக்கு நாலு தரம் இந்த ரோட்டால போறவர். கடையடியில வந்தவுடன பிறேக் பிடிப்பார். கிறீச் எண்டு ஒரு சத்தம்.

சரி, முடிஞ்சுது. இந்தா, இந்தக் கம்பியை மட்டும் இறுக்கினாச் சரி. இஞ்சால வாங்கோ, ஹாண்டிலைப் பிடியுங்கோ. இறக்கத்தில பின் பிறேக்கை முதல் மெல்லமாப் பிடிச்சுக்கொண்டு, பிறகுதான் முன் பிறேக். முன்னதைச் சடார் எண்டு பிடிச்சா மூட்டையோட கவிழ்ந்துபோவியள். இன்னொருக்கா அமத்துங்கோ. பாத்தியளோ, நிண்டிட்டுது.

இல்லை, புதுப் பிறேக் இல்லை. பழசுதான். எங்கால எடுத்ததோ? வீரகத்தியற்ற சைக்கிளில இருந்து. காலமை அவர் தேத்தண்ணிக் கடைக்குள்ள இருக்கேக்க நான் போய்க் கழட்டிக்கொண்டு வந்திட்டன். கேக்காமத்தான். கள்ளன் எண்டு கத்தினதைக் கேட்டனீங்கள்தானே.

விரலைக் குடுங்கோ தங்கச்சி. கைபிடிக்கு அடியில வைச்சுத் தடவுங்கோ. எண்ணுங்கோ.

ஓம், மூண்டு.

பொங்கல் கழிஞ்ச கிழமை வீரகத்தியற்ற பிறேக் முறிஞ்சுபோச்சு. கிளிநொச்சியிலயும் சாமான் இல்லை, வர ஒரு கிழமையாகும் எண்டாங்கள். அவருக்கு அரசாங்கக் கச்சேரிக்கு அலுவலாப் போகவேணும், அவசரம், பெரிய மனுசன். சுவரில இது தொங்கினது. மூக்கன்தானே, பொறுப்பான், ஒண்டும் சொல்லமாட்டான் எண்டு எடுத்துப் பூட்டிவிட்டிட்டன். அடுத்தநாள் விடிய, அந்தச் செவ்வாய்க்கிழமை, மூக்கன் வந்தவர். வாயில வேப்பங்குச்சி. கத்தரிக்காய் மூட்டை கரியரில கட்டியிருந்தது. மாரி முடிஞ்சுதண்ணை, இண்டைக்குக் குளக்கட்டால போறன், பிறேக்கைப் பூட்டித் தாங்கோ எண்டு கேட்டவர்.

குடிச்சிருக்கேல்லத் தங்கச்சி. எனக்கு முன்னாலதான் நிண்டவர். ஆணி வெறுமையாக் கிடந்தது, அதையும் பாத்தவர். நான்தான் நிமிராமலே, நாளைக்கு வாடா எண்டு அனுப்பினனான்.