பதினாலு தலை

பின்னாடி ஒதுங்காதீங்க தம்பி, எம் பக்கத்துலயே வாங்க. இல்ல இல்ல, வேகமால்லாம் நடக்க மாட்டேன். சுலபமான நடைன்னு நாங்களே அறிவிப்புல போட்டிருக்கோம். கோட்ட வாசல்லேருந்து குதிரைச் சிலை வரைக்கும் நூல் புடிச்சாப்புல ஒரே பாதை, கடைசியில ஒரே ஒரு மேடு. அந்தப் பச்சத் தொப்பிக்காரி ஐவிக்கு எழுவத்தொம்பது வயசு, ரெண்டு முட்டியும் மாத்தியாச்சு. அவளே தொணதொணன்னு பேசிக்கிட்டு ஏறிடுவா. ஒங்களுக்கு மிஞ்சிப்போனா நாப்பத்தஞ்சு இருக்குமா? அப்பறம் எதுக்கு மூணு வாரமா கடைசி ஆளாவே வர்றீங்க?

மரத்தப் பாத்துக்கிட்டு வர்றீங்களா. பாக்கலாமே, நல்ல மரம்தான். ஆனா நான் திரும்பறப்பல்லாம் நீங்க மரத்தப் பாக்கல, என்னப் பாத்துக்கிட்டிருந்தீங்க. எழுவத்திரண்டு வயசுக் கெழவிய ஒரு ஆம்பள அப்பிடிப் பாத்தா, அவ அழகுக்காகப் பாக்குறான்னு நெனைக்க நான் ஒண்ணும் பைத்தியக்காரி இல்ல.

சிரிக்காதீங்க. நான் சிரிக்கச் சொல்லல.

இந்தாங்க, நோட்டு. போன வாரமும் கேட்டேன். பேரு எழுதுன எடத்துல ஆர். பெல்லாமின்னு இருக்கு. ஆர்னா என்ன? ராய்யா? அத முழுசா எழுதுனா கை வலிக்குமா? பக்கத்துல, ஏதாவது ஆச்சுன்னா யாருக்குச் சொல்லணும்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல கோடு இழுத்து விட்டிருக்கீங்க. அக்கா தங்கச்சி, பக்கத்து வீடு, ஒருத்தர் கூடவா இல்ல? பல் டாக்டர் பேரையாவது போடுங்க, யாராவது ஒருத்தர் வேணும். இருக்கட்டும், ஒரு நிமிஷம். ப்ளேன் போவட்டும்.

...ம். இதான் இங்க ரோதன. ஹீத்ரோவுல எறங்கற ப்ளேன் பூரா நம்ம தலைக்கு மேலதான். கோட்டையக் கட்டினவன் ஏன் இவ்ளோ சத்தத்துக்கு நடுவுல கட்டினான்னு போன மாசம் ஒருத்தி கேட்டா.

ஒங்களப் பத்தி எங்களுக்குள்ள ஒரு பந்தயமே நடக்குது, தெரியுமா? அந்த மஞ்சச் சட்டக்காரர் இருக்காரே, நார்மன், அவரு சொல்றாரு, நீங்க காளான் திருட வர்ற ஆளுன்னு. இந்தக் காட்டுல காளான் பறிக்கக் கூடாது, ஆனா பை நெறையப் பறிச்சிட்டுப் போயி ஓட்டலுக்குக் குடுக்கறவங்க இருக்காங்க. ஐவி சொல்றா, பொண்டாட்டி தொரத்திவிட்ட கேசுன்னு. எனக்கு மட்டும் வேற ஒரு சந்தேகம் இருந்துச்சு. நடைக்குழு ஆபீஸ்ல இருந்து என்ன நோட்டம் பாக்க அனுப்பியிருக்காங்கன்னு. கெழவிக்கு இன்னும் எண்ணத் தெரியுதா, இல்ல கழட்டி விட்டுரலாமான்னு.

இல்லையா? நீங்க சொன்னா நம்பணும்.

தோ, மான் காட்டோட கேட்டுக்கு வந்தாச்சு. நில்லுங்க, எண்ணிட்டு வந்துர்றேன். ஐவி, ஓரமா நில்லு, ஒன்னையே ரெண்டு தடவ எண்ணிடப் போறேன். ...பதினொண்ணு, பன்னெண்டு. பெல்லாமியோட பதிமூணு. சரி, உள்ள போங்க. கதவச் சாத்திட்டு வாங்க நார்மன், மான் வெளிய போயிரும்.

பாத்தீங்கல்ல, ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் போயி, மொகத்தப் பாத்து, பேரச் சொல்லி எண்றேன். மின்ன அப்பிடி இல்ல. மின்னல்லாம் கேட்டுக்கிட்ட நின்னுக்கிட்டு, ஆடு எண்ணற மாதிரி தலைய எண்ணுவேன். போறப்ப எத்தன, வர்றப்ப எத்தன. ரெண்டும் ஒண்ணா இருந்தா தீந்துச்சு. பதினோரு வருஷம் அப்பிடித்தான் ஓட்டினேன், ஒரு தடவகூட கொறஞ்சதில்ல.

போன அக்டோபர்ல ஒரு பெரியவர் உள்ளயே விட்டுப்போயிட்டாரு. பேப்பர்ல வந்துச்சு, படிச்சிருப்பீங்க.

படிச்சீங்களா. ம்.

அங்க பாருங்க, கொம்பு வச்சது ஒண்ணு நிக்குது. பக்கத்துல போயிராதீங்க, இது அதுக ஜோடி தேடற மாசம். எவனப் பாத்தாலும் போட்டிக்கு வந்தவன்னு முட்ட வரும். இதுங்க கத்தறது கேக்குதா? முதல்ல கேட்டா யாரோ வலியில மொனகறாப்புல இருக்கும். அதனாலயே அன்னிக்கு யாருக்கும் ஒண்ணும் வித்தியாசமாத் தெரியல.

சொல்றேன், சொல்றேன். அவசரம் என்ன.

அன்னிக்குத் தூறல். எல்லாரும் கோட்டோட குல்லாய தலைய மூடி இழுத்துவிட்டிருந்தாங்க. போறப்ப இந்தக் கேட்டுல பதினாலு. குதிரைச் சிலையப் பாத்துட்டு, சாண்ட்விச்சத் தின்னுட்டுத் திரும்பி வந்து எண்றேன், அப்பவும் பதினாலு. என்னச் சேக்காம. அப்ப வால் பக்கம் வர்றதுக்குன்னு ஆள் கெடையாது, நார்மனுக்கு மஞ்சச் சட்ட மாட்டுனதெல்லாம் அதுக்கப்பறம்தான். சரியா இருக்குன்னு நடையக் கட்டிட்டோம். ஊருக்குள்ள வந்து டீக்கடையில ஒக்காந்தா, என்னையும் சேத்து பதினஞ்சு டீ வந்துச்சு, ஒண்ணு மிச்சம். பெரியவர் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு காருக்குப் போயிட்டாருன்னு நெனச்சோம். டீ ஆறிப்போச்சு. கார்ல போயிப் பாத்தா இல்ல. காவக்காரங்க வண்டி எடுத்துக்கிட்டுப் போயித் தேடினப்போ, இங்கதான், இந்தப் பெரணிப் பொதருக்குள்ள, சாஞ்ச மரத்து மேல ஒக்காந்தபடி. மாரடைப்பு. உசிரு போயி ரெண்டு மணி நேரம் ஆயிருந்துச்சு.

எல்லாரும் என்ன சொன்னாங்கன்னு நெனைக்கிறீங்க? பாவம், வயசாச்சு, தப்பா எண்ணிட்டான்னாங்க. ஆபீஸ்ல பதமா, பூ குடுத்து, கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கோங்களேன்னாங்க. நான் தப்பா எண்ணல தம்பி. நான் சத்தியம் பண்ணுவேன். பதினாலு தலை இருந்துச்சு.

நடங்க, ஏன் நின்னுட்டீங்க? கால் வலியா? சுலபமான நடைதானே.

ஐவிக்கு எதையாவது போட்டோ புடிச்சுக்கிட்டே இருக்கணும். அன்னிக்குத் திரும்பி வர்றப்ப கேட்டுக்கிட்ட ஒரு மான் நின்னுச்சுன்னு புடிச்சிருக்கா. மான் வால்தான் விழுந்திருக்கு, ஆனா பின்னாடி நாங்க பூராப் பேரும் இருக்கோம். அத வாங்கி பூதக்கண்ணாடிய வச்சிக்கிட்டு ஒவ்வொரு கோட்டா யாரு யாருன்னு பேரு போட்டேன். என்னையும் சேத்து பதிமூணு கோட்டுக்குப் பேரு இருக்கு. ஓரத்துல ஒரு பச்சக் கோட்டு, மொழங்கையில பழுப்புத் தோலு வச்சுத் தச்சது. அதுக்கு மட்டும் யாருக்கும் பேரு தெரியல. குழுவுல இல்லாத ஆளு. எங்கயோ நடுவுல வந்து ஒட்டிக்கிட்டவன். ஒருத்தர் போனாரு, ஒருத்தன் வந்தான், கணக்கு சரியாப் போச்சு.

மூணு வாரத்துக்கு மின்ன நீங்க கோட்ட வாசல் மரத்தடியில நின்னீங்களே, மொத மொதல்ல நான் பாத்தது ஒங்க மொகத்த இல்ல. மொழங்கைய.

கைய மறைக்காதீங்க, மூணு வாரமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். போலீசுக்குச் சொல்லல. ஐவிக்கே சொல்லல. கூட்டமா நடக்கறவங்களோட சேந்து நடக்கறது குத்தம்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். நீங்க கடைசியில வந்தீங்க. அவரும் அன்னிக்குக் கடைசியிலதான் வந்தாரு. அவரப் பாத்தீங்களா? பாத்துட்டும் கண்டுக்காம வந்தீங்களா?

அவரு என் வீட்டுக்காரர். கிளிஃபர்ட்.

ஆமா. பேப்பர்ல அது வரல, பேரு வேறதான், நான் பொறந்த வீட்டுப் பேரையே வச்சிக்கிட்டேன். அன்னிக்குக் காலையில நெஞ்சு கரிக்குதுன்னாரு. ராத்திரி வினிகர்ல ஊறவச்ச வெங்காயத்த ஒரு பாட்டில் தின்னா கரிக்காம என்ன பண்ணும், பேசாம கார்ல ஏறுங்கன்னேன். ஏறினாரு. அதுக்கப்பறம் நானும் பேசல, அவரும் பேசல. வழி பூரா ஒரு தடவகூட நான் திரும்பிப் பாக்கல, வீம்பு. கேட்டுலயும் அவரு மொகத்தப் பாக்கக் கூடாதுன்னு எப்பவும்போல வெறும் தலையோட நிறுத்திக்கிட்டேன். சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க.

...

பேசினாரா?

ஒக்காந்திருந்தாரு. சரி. வேர்த்துச்சா? மழையா வேர்வையான்னு தெரியலயா. சரி, அப்பறம்? கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிட்டு வந்துர்றேன்னாரா. நீங்க ஒதவி கூப்பிடவான்னு கேட்டீங்களா? கேட்டீங்க. அவரு வேணாம்னுட்டாரு.

என்னது?

இன்னொரு தடவ சொல்லுங்க. ப்ளேன் இல்ல, கேக்குது, இருந்தாலும் இன்னொரு தடவ சொல்லுங்க.

முன்னால ஒரு பொம்பள கேட்டுல நின்னு தலைய எண்ணுவா, ஒண்ணு கொறஞ்சா மத்த அத்தன பேரையும் நிறுத்தி வச்சுக் கத்துவா, நீங்க ஓடிப்போயி எனக்குப் பதிலா நில்லுங்க, நான் மெதுவா வந்துர்றேன்... அப்பிடியா சொன்னாரு? கட்டுக்கதை. ஒரு வருஷமா யோசிச்சு வச்சீங்களா இத? நான் நம்பணுமா? என்னைய என்ன பேரு சொல்லிச் சொன்னாரு, அதச் சொல்லுங்க பாப்போம். எம் பேரச் சொன்னாரா, பொண்டாட்டின்னாரா?

சுண்டெலின்னாரா.

அது வெளிய யாருக்கும் தெரியாது. எங்கம்மாவுக்கே தெரியாது.

இல்ல, ஒக்கார மாட்டேன். கைய விடுங்க, நான் நல்லாத்தான் இருக்கேன். சொல்லத்தான் மூணு வாரமா வந்தீங்களா? நானும் ஒங்கள என்னென்னமோ நெனச்சு... நீங்க அழாதீங்க, ஐவி பாக்குறா. ஒங்க மேல தப்பு இல்ல. பெரியவர் சொன்னாரு, நின்னீங்க.

நெஞ்சு வலியோட ஒக்காந்துக்கிட்டு, என்னக் கூப்பிடுன்னு சொல்லல பாத்தீங்களா. கூப்பிட்டா நான் கத்துவேன்னு, ஆளு அனுப்பிக் கணக்கச் சரிபண்ணியிருக்காரு. எனக்குப் பயந்துக்கிட்டு, தம்பி. நாப்பத்தாறு வருஷம் எங்கூட இருந்த மனுஷன்.