ஷூவைக் கழற்றிய டாக்டர்

பத்தாவதுக்கு மேல் படிக்காத நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கூடுவாஞ்சேரியில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் பேசியது மனதை விட்டுப் போகவில்லை. இளையவர் தையல் வேலை செய்பவர் என்று பேச்சில் தெரிந்தது.

“நாளைக்கு எங்க வீட்டுக்காரருக்கு கிட்னியில கட்டி எடுக்கறாங்கக்கா. டாக்டர் கிட்டவே நிக்க மாட்டாராம்.”

“நிக்காம இன்னாடி ஆபரேஷன்? மந்திரம் போடுவாரா?”

“நாலு கை வெச்ச ரோபோ செய்யுமாம். டாக்டர் மூலையில உக்காந்து, பெட்டிக்குள்ள பார்த்துகினே அதை ஓட்டுவாராம்.”

“ஐயோ! கையெழுத்துப் போட்டுட்டியா?”

“மாட்டேன்னுதான் சொன்னேன். அப்புறம் வீடியோ காட்டினாங்க. டாக்டர் ஷூவைக் கழட்டிட்டு பெடல்ல கால் வெச்சாருக்கா! நானும் பிளவுஸ் தைக்கறப்ப செருப்பைக் கழட்டிடுவேன்ல? மிஷின் ஓடறது காலுக்குத் தெரியணும். உடனே போட்டுட்டேன்.”

“உள்ள தையலும் அதுவேவா போடும்?”

“முடி மாதிரி நூலுக்கா. இத்தனை வருஷம் தைக்கறேன், எனக்கு அந்தத் தையல் வராது.”

அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாள் மாலை அதே வண்டியில் அக்கா மட்டும் வந்தார். தாம்பரம் நெருங்கும்போது அவருக்குப் போன் வந்தது. “கண்ணு முழிச்சிட்டாரா? சரி, அழாதே” என்றார்.